ரிக்லி ஃபீல்டும் கப்ஸ் டிரேடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸின் ரசிகர்களிடையே இரண்டு வாக்குவாதங்கள் ஓய்வதே இல்லை. டிரேடில் யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள் என்பது ஒன்று. 1914-ல் கட்டிய தங்கள் மைதானமான ரிக்லி ஃபீல்டை இடிக்காமல் புதுப்பித்தது சரியா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகிறது. அதனால் ஒன்றை எடுத்தால் மற்றது கூடவே வந்துவிடும். பேஸ்பாலைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டிரேடு செய்வதற்கு முன் வீரரின் சம்மதத்தைக் கேட்பார்களா?

பெரும்பாலும் கேட்க வேண்டியதில்லை. ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் அணி மாற்ற முடியாது. மேஜர் லீக் பேஸ்பாலில் ஒப்பந்தம் அணியின் கையில் இருக்கிறது. சம்பளம், மீதமுள்ள ஆண்டுகள் எல்லாம் அப்படியே புதிய அணிக்குப் போகும். டிரேடு கடைசி நாள் நெருங்கும் ஜூலை கடைசியில், ஆட்டத்தின் நடுவே வீரர்கள் உட்காரும் டகவுட்டில் யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் ரசிகர்கள் பதறுவது இதனால்தான்.

விலக்குகள் இரண்டு. ஒப்பந்தத்திலேயே டிரேடு தடை எழுதி வாங்கியிருந்தால் வீரர் மறுக்கலாம். மேஜர் லீக்கில் 10 ஆண்டு பணி முடித்து, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவருக்கும் மறுக்கும் உரிமை தானாக வந்துவிடும். 2012-ல் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், ரயன் டெம்ப்ஸ்டரை அட்லாண்டாவுக்கு அனுப்ப கப்ஸ் பேசி முடித்திருந்தது. அவர் இந்த உரிமையைப் பயன்படுத்தி மறுத்தார். கடைசி நாளில் டெக்ஸஸ் அணிக்குப் போகச் சம்மதித்தார். பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் கைல் ஹெண்ட்ரிக்ஸ். 2016-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.13 ரன் என்ற சராசரியோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்து, பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். டெம்ப்ஸ்டர் அட்லாண்டாவுக்குச் சரி என்று சொல்லியிருந்தால் கப்ஸுக்கு ஹெண்ட்ரிக்ஸ் கிடைத்திருக்க மாட்டார்.

டிரேடு கடைசி நாள் எப்போது?

ஜூலை 28-க்கும் ஆகஸ்ட் 3-க்கும் இடையே ஒரு நாளை கமிஷனர் அறிவிப்பார். 2023-ல் ஆகஸ்ட் 1, 2024-ல் ஜூலை 30, 2025-ல் ஜூலை 31. அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணி, அதாவது நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. முன்பு ஆகஸ்ட் மாதத்திலும் சுற்றி வளைத்து டிரேடு செய்ய ஒரு வழி இருந்தது. 2019-ல் அதை மூடிவிட்டார்கள். அதனால் கடைசி நாளுக்குள் ஒவ்வொரு அணியும் தான் வாங்கும் அணியா விற்கும் அணியா என்று தீர்மானித்தாக வேண்டும்.

டிராஃப்டில் வரப்போகும் வாய்ப்பைக் கொடுத்து வீரரை வாங்கலாமே?

டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது. அதில் வரும் வாய்ப்பைக் கைமாற்றுவது கூடைப்பந்தில் நடக்கும். இங்கே முடியாது. சிறிய சந்தை அல்லது குறைந்த வருமானம் உள்ள அணிகளுக்குத் தரப்படும் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்புகளை மட்டும்தான் கைமாற்றலாம். சிகாகோ பெரிய சந்தை. அதனால் கப்ஸிடம் அது இருக்காது.

ஆகவே கப்ஸ் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் ஆட்களைத்தான். டிராஃப்டில் எடுத்த வீரரை அந்த ஆண்டின் உலகத் தொடர் முடிந்த பிறகு டிரேடு செய்யலாம். 2024 டிராஃப்டில் 14-வது இடத்தில் எடுத்த கேம் ஸ்மித்தை அதே டிசம்பரில் கப்ஸ் ஹூஸ்டனுக்கு அனுப்பியது இந்த விதியால்தான். ஐசக் பரேடெஸ், ஹெய்டன் வெஸ்னெஸ்கி ஆகியோரையும் சேர்த்துக் கொடுத்து கைல் டக்கரை வாங்கினார்கள். பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர் என்று ஒரு வகையும் உண்டு. அந்தப் பெயரை ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு டிரேடு வதந்தி நடக்கக்கூடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீரருக்கு இன்னும் எத்தனை ஆண்டு கட்டுப்பாடு மீதம் இருக்கிறது என்று பாருங்கள். 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டு பணிக்கணக்கு. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை அணி சொல்வதே சம்பளம். பிறகு மூன்று ஆண்டு, சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் அதை நடுவர் மன்றம் முடிவு செய்யும் முறை. ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எங்கே வேண்டுமானாலும் போகலாம். மலிவான ஐந்து ஆண்டு மீதமுள்ள ஒருவரை, இரண்டே மாதம் மீதமுள்ள ஒருவருக்காகக் கொடுப்பார்கள் என்று யாராவது சொன்னால், அந்த அணி பட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வதந்தியை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்து 40 பேர் பட்டியல், அதாவது மேஜர் லீக் ஆட்டத்தில் இறக்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியல். வருபவர் அதில் இடம்பெற வேண்டியவர் என்றால் இருப்பவரில் ஒருவர் வெளியேற வேண்டும். யார் அந்த ஒருவர் என்று சொல்லாத டிரேடு யோசனை பாதி யோசனைதான். மூவருக்கு ஒருவர் என்று ரசிகர்கள் எழுதும் கற்பனை டிரேடுகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, ஆடம்பர வரி. அணியின் மொத்தச் சம்பளக் கணக்கு 2025-ல் 24.1 கோடி டாலரையும் 2026-ல் 24.4 கோடி டாலரையும் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்தால் 30, மூன்றாவது ஆண்டிலிருந்து 50 சதவீதம் வரி. இதில் அந்த ஆண்டு கையில் வாங்கும் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைத்தான் எடுப்பார்கள். சம்பளம் பின்னால் ஏறும் ஒப்பந்தங்களில் இந்த வித்தியாசம் பல லட்சம் டாலர் வரும்.

கடைசியாக மருத்துவ அறிக்கை. 2015 ஜூலையில் மெட்ஸ், மில்வாக்கி அணிகளுக்கு இடையே கார்லோஸ் கோமஸ் டிரேடு முடிந்துவிட்டது என்று செய்தியே வந்தது. பதிலுக்குப் போக வேண்டிய மெட்ஸ் வீரர் வில்மர் ஃப்ளோரெஸ் மைதானத்திலேயே கண் கலங்கி நின்றார். கோமஸின் இடுப்பு பற்றிய அறிக்கையால் டிரேடு நின்றுபோனது. இரு அணிகளும் அறிவிக்கும் வரை எதுவும் முடிந்ததாகக் கொள்ள வேண்டாம்.

லூ ப்ராக் டிரேடு உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

விளைவில் ஆம். 1964 ஜூன் 15 அன்று கப்ஸ் ப்ராக்கையும் இன்னும் இருவரையும் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, பிட்சர் எர்னி ப்ரோக்லியோவையும் இருவரையும் வாங்கியது. அந்த ஆண்டே செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. ப்ராக் 3,023 ஹிட், 938 பேஸ் திருட்டு என்ற கணக்கோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ப்ரோக்லியோ கப்ஸுக்காக வென்றது மொத்தம் 7 ஆட்டம்.

ஆனால் அன்று பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. ப்ரோக்லியோ முந்தைய ஆண்டு 18 ஆட்டம் வென்றவர். ப்ராக் அதுவரை கப்ஸில் நிலைத்து ஆடியதில்லை. உண்மையான தவறு ப்ரோக்லியோவின் முழங்கையில்தான் இருந்தது. வாங்கிய கப்ஸ் அவர் கையைச் சரியாகச் சோதிக்கவில்லை. இன்று மருத்துவ அறிக்கை பார்க்காமல் எந்த டிரேடும் முடிவதில்லை. ஒரு டிரேடை எடைபோடும்போது அன்று தெரிந்ததை வைத்து ஒரு மதிப்பெண், பின்னால் நடந்ததை வைத்து இன்னொரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டையும் கலப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

2016-ல் சாப்மனுக்காக டோரெஸைக் கொடுத்தது சரியா?

ஆட்டக் கணக்கில் சரி. 1908-க்குப் பிறகு அதுவரை கப்ஸ் பட்டம் வென்றதில்லை. அணி முதலிடத்தில் இருந்தது, கடைசி இன்னிங்ஸை முடிக்க ஆள் தேவைப்பட்டது. யாங்கீஸிடமிருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்க க்ளேபர் டோரெஸ் உட்பட நால்வரைக் கொடுத்தார்கள். டோரெஸ் 2018, 2019-ல் ஆல்-ஸ்டார் ஆனார். சாப்மன் மூன்று மாதம் ஆடிவிட்டு யாங்கீஸுக்கே திரும்பினார். சீசன் நடுவில் டிரேடில் வந்தவருக்குத் தகுதிச் சலுகை என்ற ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்ட விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் அவர் போனபோது ஈடாக டிராஃப்ட் வாய்ப்புகூட வரவில்லை. ஏழாவது ஆட்டத்தில் ராஜாய் டேவிஸ் ஆட்டத்தைச் சமன் செய்த ஹோம் ரன்னை அடித்ததும் சாப்மன் பந்தில்தான். இத்தனைக்குப் பிறகும் பட்டம் வந்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம், ஆனாலும் கொடுக்கத் தக்கது.

ஆட்டத்துக்கு வெளியே வேறு கணக்கு இருக்கிறது. குடும்ப வன்முறை விதியின்கீழ் அந்த ஆண்டின் தொடக்கத்தில் 30 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டவர் சாப்மன். அவரை வாங்கியதை ஏற்க முடியாது என்று சொன்ன ரசிகர்கள் பலர். பட்டம் வந்ததால் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்கள் கேட்டது வேறு கேள்வி.

அப்படியானால் மிக மோசமான அண்மைக் கால டிரேடு எது?

2017 ஜூலையில் ஹோசே கின்டானா. அதே ஊரின் வொயிட் சாக்ஸிடம் எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் உள்ளிட்ட நால்வரைக் கொடுத்து வாங்கினார்கள். கின்டானாவுக்கு 2020 வரை குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தம் இருந்தது. அதனால் அன்றைய கணக்கு முற்றிலும் தவறில்லை. ஆனால் அவர் நடுத்தரமாகவே வீசினார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் சீஸ் 2022-ல் இரண்டாம் இடம் பிடித்தார். கப்ஸிடம் அந்த ஆண்டுகளில் இல்லாமல் போனது சொந்தமாக வளர்த்த பிட்சர்தான்.

மறுபக்கமும் உண்டு. 2013-ல் ஸ்காட் ஃபெல்ட்மனையும் ஸ்டீவ் க்ளெவெஞ்சரையும் கொடுத்து பால்டிமோரிலிருந்து ஜேக் அரியெட்டா, பெட்ரோ ஸ்ட்ரோப் இருவரையும் வாங்கினார்கள். அரியெட்டா 2015-ல் சை யங் விருது வென்றார். இதைவிட லாபமான டிரேடைக் காட்டுவது கடினம்.

2021-ல் ரிஸோ, பாயஸ், பிரையன்ட் மூவரையும் ஒரே நேரத்தில் விற்றது ஏன்?

மூவருக்கும் அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிப்புப் பேச்சு பலிக்கவில்லை, அணியும் பட்டியலில் சரிந்துவிட்டது. சும்மா போக விடுவதற்குப் பதில் எதையாவது வாங்கிக்கொண்டார்கள். மனசுக்கு ஆறாத வாரம் அது. ஆனால் பாயஸுக்கு ஈடாக மெட்ஸிடமிருந்து வந்த பீட் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங் 2025-ல் ஆல்-ஸ்டார் ஆகி, 30 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு இரண்டையும் தாண்டினார். விற்கும் டிரேடுக்கு நான்கு ஆண்டு ஆவதற்கு முன் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இவர் ஒருவரே போதும்.

சரி, மைதானத்துக்கு வருவோம். ஏன் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை?

ரிக்லி ஃபீல்டு போல இன்னொன்றைக் கட்ட முடியாது என்பது உணர்ச்சியால் சொல்வதல்ல, அளவுக் கணக்கு. மேல்தளம் தூண்கள் மேல் நிற்பதால் கீழ்த்தளத்துக்கு நேர் மேலே, ஆட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தூண் இல்லாத புதிய மைதானத்தில் மேல்தளத்தைப் பின்னுக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். நடுவில் சொகுசு அறைகளின் அடுக்கும் வருவதால் இன்னும் உயரும். மலிவான டிக்கெட் வாங்குபவர்தான் தூரத்துக்குப் போவார்.

சட்டமும் கைகட்டுகிறது. 2004-ல் நகரம் இதை அடையாளச் சின்னமாக அறிவித்தது. செங்கல் சுவர், ஐவி கொடி, 1937-ல் வைத்த கையால் இயக்கும் ஸ்கோர்போர்டு, நுழைவாயிலின் சிவப்புப் பலகை, திறந்த பெஞ்சு வரிசைகளான ப்ளீச்சர் எதையும் நகரத்தின் அனுமதி இல்லாமல் தொட முடியாது. 2020 நவம்பரில் தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆனது. அதனால் புதுப்பிப்புச் செலவில் தகுதியுள்ள பகுதிக்கு 20 சதவீத மத்திய வரிச் சலுகை கேட்க வழி பிறந்தது.

டெட்ராய்டின் டைகர் ஸ்டேடியமும் சிகாகோவின் பழைய கமிஸ்கி பார்க்கும் இப்போது இல்லை. அந்தக் காலத்திலிருந்து இன்றும் ஆட்டம் நடப்பவை பாஸ்டனில் உள்ள 1912-ன் ஃபென்வேயும் 1914-ன் ரிக்லியும் மட்டுமே.

1060 திட்டம் என்றால் என்ன? என்னென்ன செய்தார்கள்?

ரிக்லியைப் புதுப்பித்த திட்டம் இது. மைதானத்தின் முகவரி 1060 மேற்கு அடிசன் தெரு. பெயர் அங்கிருந்து வந்தது. யாங்கீஸ் 1974, 1975 இரண்டு ஆண்டும் தங்கள் மைதானத்தை மூடிவிட்டு மெட்ஸின் ஷே ஸ்டேடியத்தில் ஆடினார்கள். கப்ஸ் மூடவில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வேலை, ஏப்ரலில் ஆட்டம் என்று ஐந்து குளிர்காலம் ஓட்டினார்கள்.

2014–15-ல் ப்ளீச்சரை வெளிப்புறமாக விரித்து, இடப்பக்கம் சுமார் 3,990 சதுர அடியில் வீடியோ பலகை வைத்தார்கள். வலப்பக்கம் சிறியது ஒன்று. 2015–16-ல் மேற்குப்புற வளாகத்தின் அடியில் 30,000 சதுர அடி வீரர் அறை. அதன் உடை மாற்றும் கூடம் வட்டமானது. விட்டம் 60 அடி 6 அங்குலம், பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து ஹோம் பிளேட் வரை உள்ள அதே தூரம். நுழைவாயில் பலகையைக் கழற்றிப் பழுது பார்த்து மாட்டியதும் அந்தக் குளிர்காலத்தில்தான். 2017-ல் கோட்டோரம் திறந்தவெளியில் இருந்த, பிட்சர்கள் வீசிப் பழகும் இடங்களான புல்பென்கள் ப்ளீச்சருக்கு அடியில் போயின. 2018-க்குள் டகவுட்களை நகர்த்தி, கீழ்த்தளத்தைச் சீரமைத்து, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் சொகுசு மன்றம் கட்டினார்கள். 2019-ல் மேல்தள நடைபாதையும் உணவு இடங்களும்.

2015 தொடக்க ஆட்டத்தில் என்ன தவறு நடந்தது?

ஏப்ரல் 5 இரவு செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஆட்டம். ப்ளீச்சர் முழுவதும் மூடியிருந்தது, இயங்கிய கழிப்பறைகள் போதவில்லை, வரிசையில் நின்றே பலர் இன்னிங்ஸ்களைத் தவறவிட்டார்கள். பிறகு அவசரமாகத் தற்காலிகக் கழிப்பறைகளைக் கொண்டுவந்தார்கள். இடது, நடுப் பகுதி ப்ளீச்சர் மே 11 அன்று திறந்தது. வலப்பக்கம் ஜூனில்.

காரணம் குளிர். உறைந்த மண் மேல் கான்கிரீட் போடக் கூடாது. மண் இளகும்போது அடித்தளம் இறங்கிவிடும். காற்று 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கலவை இறுகுவது நின்றுபோகும் அளவுக்கு மெதுவாகும். கூடாரம் அடித்து, ஹீட்டர் வைத்து, காப்புப் போர்வை போர்த்தி வேலை செய்யலாம். அப்போதும் புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை உள்ளே வைத்தால் அதன் கரியமில வாயு புதுக் கான்கிரீட்டின் மேல்பரப்பைப் பொடிப்பொடியாக்கிவிடும். இவ்வளவுக்கும் சேர்த்து அட்டவணையில் இடைவெளி விட்டிருக்க வேண்டும். அரங்கில் எத்தனை பேர் உட்கார்வார்கள் என்று கணக்கிட்டவர்கள் கழிப்பறை எத்தனை தயாராக இருக்கும் என்று கணக்கிடாதது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல.

பழைய மைதானங்களில் கான்கிரீட் ஏன் உதிர்கிறது? எப்படிச் சரிசெய்கிறார்கள்?

2004 கோடையில் ரிக்லியின் மேல்தளத்துக்கு அடியிலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்தன. நகர நிர்வாகம் மூடிவிடுவோம் என்று எச்சரித்தது. அடியில் வலை கட்டி, நிபுணர்களை வைத்துச் சோதித்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. வலை விழுவதைப் பிடிக்கும். நோயைக் குணமாக்காது.

நோய் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. விரிசல் வழியே இறங்கும் நீர் உறையும்போது கனஅளவில் 9 சதவீதம் விரிந்து விரிசலை அகலமாக்கும். படிகளில் பனி உருகத் தூவும் உப்பு அதே வழியில் கம்பியை அடையும். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தில் மேல்பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும்.

சோதனை எளிமையானது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியாக இருந்தால் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் பொள்ளல் சத்தம் வரும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, வட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகச் சதுரமாக ரம்பத்தால் வெட்டுவார்கள். ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும். மெல்லியதாகச் சரிந்து முடிந்தால் புதுப் பூச்சு அந்த ஓரத்திலேயே முதலில் கிளம்பும். கம்பியின் முன்புறம் மட்டும் செதுக்கினால் போதாது. பின்புறமும் குறைந்தது முக்கால் அங்குலம் தோண்டி, கம்பி முழுவதும் வெளியே வந்த பிறகு மணல் வீசித் துருவைப் போக்க வேண்டும். கம்பியின் குறுக்களவில் கால் பங்குக்கு மேல் தின்றிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகுதான் கலவை.

ஒழுங்காகச் செய்த வேலையும் சில ஆண்டில் பக்கத்திலேயே உதிர்வதைப் பார்க்கலாம். ஒரே கம்பியின் ஒரு பகுதி உப்பில்லாத புதுக் கான்கிரீட்டிலும் மறு பகுதி உப்பேறிய பழைய கான்கிரீட்டிலும் இருந்தால் அது மின்கலம் போல வேலை செய்யும். பழைய பகுதி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இதைத் தடுக்க ஒட்டுப்போடும் இடத்தின் ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டுவார்கள். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். மேலே நீர் இறங்காத பூச்சு, இணைப்புகளில் புது அடைப்பு, ஓடாத வடிகால்களைத் திறப்பது மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும். வடிகாலைச் சரிசெய்யாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

தூண் மறைக்கும் இருக்கைகளை என்ன செய்வது?

தூணை எடுத்தால் மேல்தளத்தையே மாற்ற வேண்டும் என்பதால் விட்டுவிட்டார்கள். 100-களில் எண்ணிட்ட முன்புறப் பிரிவுகளில் தூண் தொல்லை இல்லை. 200-களில் எண்ணிட்ட பிரிவுகளில்தான் கவனம் தேவை. தூணும் மறைக்கும். பின்வரிசைகளில் மேல்தளத்தின் விளிம்பு குறுக்கே வருவதால் உயரே போகும் பந்தும் தெரியாது, ஸ்கோர்போர்டும் தெரியாது. அங்கே முன்வரிசை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் அதைவிட மலிவான மேல்தளமே நல்லது.

எதிர்வீட்டு மொட்டைமாடிக்காரர்களோடு என்ன வழக்கு?

வேவ்லண்ட், ஷெஃபீல்டு தெருக்களில் உள்ள கட்டடங்களின் மாடியில் இருக்கை போட்டு டிக்கெட் விற்றார்கள். கப்ஸ் வழக்குப் போட்டு, 2004-ல் மாடிக்காரர்கள் மொத்த வருமானத்தில் 17 சதவீதம் தருவது என்று இருபதாண்டு உடன்பாடு வந்தது. வீடியோ பலகைகள் பார்வையை மறைத்தபோது மாடி உரிமையாளர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கப்ஸ் பக்கம் தீர்த்தது. அதற்குள் அணியின் உரிமையாளரான ரிக்கெட்ஸ் குடும்பமே பெரும்பாலான மாடிகளை வாங்கிவிட்டது.

சக்கர நாற்காலியில் வருவோருக்குப் புதுப்பிப்பு உதவியதா?

தொடக்கத்தில் குறை வைத்தார்கள். 2022 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ப்ளீச்சரிலும் பொதுப் பிரிவுகளிலும் சக்கர நாற்காலி இடங்கள் நல்ல பார்வையோடு, பல இடங்களில் பரவலாக இல்லை என்பது குற்றச்சாட்டு. 2024-ல் உடன்பாடு ஏற்பட்டது.

அளவுகோல் தெளிவானது. 5,000-க்கு மேல் இருக்கை உள்ள அரங்கில் 36 இடம், அதற்கு மேல் ஒவ்வொரு 200 இருக்கைக்கும் ஒன்று. ரிக்லியின் சுமார் 41,600 இருக்கைக்கு ஏறக்குறைய 220 வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணைவருக்கு ஓர் இருக்கை வேண்டும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டத்தின் முக்கியத் தருணம் எல்லோரும் எழுந்து நிற்கும் தருணம்தான் என்பதால் இந்த விதி வெறும் எண்ணிக்கையைவிட முக்கியம். வேறு எந்தப் பழைய மைதானத்தின் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் இதைத் தேடுங்கள்.

யார் பணம் கொடுத்தார்கள்? அந்தப் பணம் வீரர்களுக்குப் போயிருக்குமே?

ரிக்கெட்ஸ் குடும்பம் முதலில் அரசுக் கடன் பத்திர உதவி கேட்டது. கிடைக்கவில்லை. பிறகு சொந்தப் பணத்தில் செய்வதாக 2013-ல் அறிவித்து நகர மன்ற ஒப்புதல் வாங்கினார்கள். பின்னர் 57.5 கோடி டாலராக வளர்ந்த திட்டத்தில் ஏறத்தாழ 37.5 கோடி மைதானத்துக்கு, மீதி எதிரே உள்ள ஹோட்டலுக்கும் வளாகத்துக்கும். முடிவில் செலவு அதைவிட மிக அதிகமானது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பாதி உண்மை. ஆடம்பர வரிக் கணக்கில் மைதானச் செலவு சேராது, அதனால் புதுப்பிப்பு எந்த ஒப்பந்தத்தையும் நேரடியாகத் தடுக்கவில்லை. ஒவ்வொரு அணியும் உள்ளூர் நிகர வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் குளத்தில் போட வேண்டும். அந்த நிகரக் கணக்கு மைதானச் செலவைக் கழித்த பிறகே வருகிறது. ஆக மைதானத்தில் போடும் டாலர் முழு டாலராக வலிக்காது. 2016-லும் 2019-லும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கப்ஸ் ஆடம்பர வரி கட்டியது.

ஆனால் கடனுக்கு வட்டி உண்டு. சொகுசு மன்றங்களிலிருந்து வரும் வருமானம் அணிக்கு வருகிறது, வளாகத்து ஹோட்டல் போன்றவை உரிமையாளரின் வேறு கணக்குகளில் இருக்கின்றன. புதுப்பித்தால் அணிக்கு அதிகம் செலவழிக்கலாம் என்று சொல்லித்தான் நகரத்திடம் அனுமதி கேட்டார்கள். ரசிகர்கள் அந்தச் சொல்லை நினைவூட்டிக்கொண்டே இருப்பது நியாயம். டிக்கெட் விலை ஏறியதைச் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

ஐவி கொடிக்குள் பந்து சிக்கினால் என்ன விதி?

அவுட்ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்க வேண்டும். நடுவர் பந்து சிக்கியதை உறுதி செய்தால் பேட்டருக்கு இரண்டாம் பேஸ். கை தூக்காமல் தேட ஆரம்பித்தால் ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பதாகவே கணக்கு, ஓடுபவர் ஹோம் வரைகூடப் போய்விடலாம். ஏப்ரலில் இந்தத் தொல்லை இல்லை. கொடி அப்போது இலையில்லாமல் இருக்கும், பந்து செங்கல்லில் மோதி நேராகத் திரும்பும். அந்த மாதம் வரும் வெளியணி அவுட்ஃபீல்டர்கள் துள்ளலைத் தப்பாகக் கணித்து மூன்று பேஸ் கொடுப்பது வழக்கம். இடது கோட்டோரம் 355 அடி, நடுவில் 400, வலக் கோட்டோரம் 353. புதுப்பிப்பில் இந்த அளவுகளை மாற்றவில்லை.